தட்டில் சரசம்மா வைத்த வசனம்

2025 ஜனவரி முதல் தேதி சத்தியதாஸின் எடை எண்பத்திரண்டு கிலோ. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி ஐம்பத்தொன்பது. இரண்டு முறையும் அவர் ஏறி நின்றது வீட்டை ஒட்டிய ஷெட்டில், வாழைக்குலை நிறுக்கும் தராசில். முதல் முறை விளையாட்டுக்கு. இரண்டாம் முறை, மனைவி சரசம்மா தடுத்தும் கேட்காமல்.

"இருபத்திமூணு கிலோ," என்றார் இறங்கியபடி. "ரெண்டு நல்ல ஏத்தங்குலை. வண்டியில இருந்து எங்கயோ விழுந்து போச்சு."

"சர்ச்சுக்கு நேரமாச்சு. சட்டையை மாத்துங்க."

"எந்தச் சட்டை? எல்லாத்துக்குள்ளயும் இப்ப ரெண்டு சத்தியதாஸ் நிக்கலாம்."

பாறசாலைக்குத் தெற்கே, கேரளப் பக்கம், தமிழ்நாட்டுக்குள் நுழையும் களியக்காவிளை எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது அவர்கள் வீடு. வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம். சபையில் காலை ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனை, ஒன்பதரைக்கு மலையாள ஆராதனை. சத்தியதாஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஏத்தன் என்னும் நேந்திர வாழைக்குலைகளை மொத்தமாக வாங்கி, பிக்கப் வண்டியில் திருவனந்தபுரத்தில் சாலை என்னும் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் விற்பது தொழில். சரசம்மா சபையின் மாதர் சங்கச் செயலாளர். ஒரே மகள் லிபி கழக்கூட்டத்தில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே கணவனோடு வாடகை பிளாட்.

2024 அக்டோபரில் சத்தியதாஸுக்கு மலத்தில் ரத்தம் போனது. மூலம் என்று நினைத்து இரண்டு மாதம் கஷாயம் குடித்தார். டிசம்பரில் லிபி வற்புறுத்தித் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனாள். டாக்டர் ஷைலஜா படத்தைக் காட்டி விளக்கினார்: பெருங்குடலில் கட்டி, புற்றுதான், ஆனால் வேறெங்கும் பரவவில்லை. இப்போது வெட்டி எடுத்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் பிழைத்துக்கொள்வார்கள். ஜனவரி எட்டாம் தேதி ஆபரேஷன் என்று முடிவானது.

சத்தியதாஸுக்குக் கத்தி என்றால் பயம். ஆனால் பயம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும் என்றார். அமரவிளையில் ஒரு தோட்டத்துக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன் என்றார். கிறிஸ்துமஸ் அன்று சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனார். சரசம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் பயம்தான். தைரியமாக இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தால் வேறு பேச்சுதான் வந்தது. சொல்லும் வேலையை வேறொன்றிடம் விட்டார்.

அங்கேதான் அந்தக் கார்டு வருகிறது.

புத்தாண்டு ஆராதனையில் அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேத வசனங்கள் அச்சிட்ட தாள்கள் நாகர்கோவிலில் ஓர் அச்சகத்திலிருந்து வரும். மாதர் சங்கத்துப் பெண்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டி, சுருட்டி, நூலால் கட்டி, பித்தளைத் தட்டுகளில் பரப்புவார்கள். ஆராதனை முடியும்போது தட்டு வரிசை வரிசையாக வரும். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வந்தது அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்தம். பெயர் அதுவானாலும் எல்லோரும் சொல்வது கார்டு. சிலர் அதைப் பர்சில் வைப்பார்கள், சிலர் ஃபிரிட்ஜில் ஒட்டுவார்கள். 'உனக்கு என்ன வந்து?' என்ற கேள்வி பொங்கல் வரை ஊருக்குள் சுற்றும்.

தாள்களை வெட்டியது சரசம்மா. வெட்டும்போது ஒரு வசனம் கண்ணில் பட்டது. நீ சாகமாட்டாய், உயிரோடு இருந்து கடவுள் செய்ததை எடுத்துச் சொல்வாய் என்ற பொருளில் ஒரு வரி. அதைத் தனியாகச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டார். மறுநாள் ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசைக்குத் தட்டு ஏந்தியதும் அவர்தான். கணவன் முன்னால் வந்தபோது, முந்தானையிலிருந்து அவிழ்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்திருந்த சுருள் அவர் விரலுக்கு நேரே இருக்கும்படி தட்டைத் திருப்பினார். சத்தியதாஸ் கண்ணை மூடி எடுத்தார்.

ஆபரேஷன் மேசையில் படுக்கத் தைரியம் வரட்டும் என்பது சரசம்மாவின் கணக்கு. சத்தியதாஸ் அதை வாசித்த விதம் வேறு. வண்டியில் உட்கார்ந்து மூன்று முறை படித்துவிட்டு அவர் சொன்னது: "தேவன் சொல்லியாச்சு. பின்ன எதுக்கு கத்தி?"

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேண்டாம் என்றார். லிபி சொல்லியும் கேட்கவில்லை.

அன்றே சரசம்மா உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் வெட்கம். பிறகு, சத்தியதாஸ் மாறிப்போனார். நன்றாகச் சாப்பிட்டார். விசிலடித்தபடி வண்டி கழுவினார். மார்ச்சில் ரத்தம் போவதும் நின்றது. தானாக நின்றதா, கஷாயத்தில் நின்றதா என்று சரசம்மாவுக்குத் தெரியாது. ஒருவேளை என் கையைக் கொண்டுதான் கடவுள் அந்தச் சுருளை அங்கே வைத்தாரோ என்று நினைக்கத் தொடங்கினார். நினைத்து நினைத்து, பாதி நம்பவும் தொடங்கினார்.

மே மாதம் லிபிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சத்தியதாஸ் சாலைக் கடைத்தெருவில் குலை இறக்கும் சுமட்டுத் தொழிலாளிகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். ஓணத்துக்கு உப்பேரி என்னும் வாழைக்காய் வறுவல் போடுகிறவர்கள் ஏத்தன் குலைக்கு அடித்துக்கொண்ட ஆண்டு அது. ஆகஸ்ட் முழுக்க ஒரு நாள் விடாமல் ஓடினார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். வேலை அதிகம், அதுதான் மெலிவு என்றார்.

திருவோணம் கழிந்த மூன்றாம் நாள் வயிறு கல்லாக வீங்கியது. வாந்தி. குடல் முழுதாக அடைத்திருந்தது. அவசரமாக வயிற்றைக் கீறி, குடலின் ஒரு முனையை வெளியே எடுத்து, மலம் சேர ஒரு பை பொருத்தினார்கள். கட்டியை எடுக்க முடியவில்லை. ஈரலில் புள்ளிகள் இருந்தன.

வார்டில், கண் விழித்த இரண்டாம் நாள், சத்தியதாஸ் கேட்டது கார்டைத்தான். பர்சில் இருந்தது. "இதுல சொன்னது என்னாச்சு?" என்றார். சரசம்மா அப்போது சொன்னார். சத்தியதாஸ் சிரித்தார். தையல் வலித்ததும் நிறுத்தினார். அதன் பிறகு மூன்று நாள் மனைவியோடு பேசவில்லை. நான்காம் நாள் தண்ணீர் கேட்டார்.

லிபி நான்காம் நாளோடு நிறுத்தவில்லை. அவள் கோபம் மலையாளத்தில் தொடங்கி, அம்மாவுக்கு நன்றாக உறைக்கட்டும் என்று தமிழுக்கு மாறியது.

"அம்மா, மிண்டாதே இரி, பேசாதே. டாக்டருக்க கையில கத்தி இருந்து. நீ அதைத் தட்டிவிட்டிட்டு உனக்க கத்திரியை எடுத்த."

"நான் அவரு ஆபரேஷனுக்குப் போகட்டும்னாக்கும்..."

"அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

அன்றிலிருந்து லிபி அம்மாவிடம் பேசுவது மாத்திரை வேளை, டாக்டர் வரும் நேரம், குழந்தையின் பால் பாட்டில், அவ்வளவுதான்.

அக்டோபரிலிருந்து மருந்து ஏற்றினார்கள். முடி போனது, நாக்கில் ருசி போனது. டிசம்பர் மூன்றாம் வாரம் ஸ்கேன். ஈரலில் இருந்த புள்ளிகள் சுருங்கியிருந்தன. குடலையும் ஈரலையும் சேர்த்து வெட்டி எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர் ஷைலஜா. ஆனால் இது ஜனவரிக்குச் சொன்ன ஆபரேஷன் அல்ல. பிழைக்கும் வாய்ப்பு பாதிக்கும் கீழே. மேசையிலேயே ஏதாவது ஆகலாம். வேண்டாம் என்றால் மருந்தை மட்டும் தொடரலாம், அது ஒரு வருடமோ அதற்கும் குறைவோ தாங்கும். ஜனவரி இரண்டாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆபரேஷனுக்கு ஒதுக்கிய நாளை வேறொரு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்.

திரும்பி வரும் வழியில் சத்தியதாஸ் சொன்னார்: "ஒண்ணாம் தேதி கார்டு பாத்திட்டுச் சொல்லுதேன்."

சரசம்மா காதில் விழுந்ததை நம்ப முடியாமல் திரும்பிப் பார்த்தார். "எல்லாம் தெரிஞ்சிட்டுமா?"

"தெரிஞ்சதுகொண்டுதான் சொல்லுதேன். போன தடவை எனக்குள்ளது எனக்கு வரல்ல. நீ இடையில புகுந்து மாத்திட்ட. எனக்குள்ள கார்டு வேற எவனுக்கோ போச்சு. அவன் இப்ப நல்லா இருப்பான்."

"லிபிக்க அப்பா, அது நான் வெட்டின பேப்பராக்கும். நூறு துண்டு. எல்லாம் ஒரே தாளு."

"நீ தொட்டதுதான் தப்பு. இந்தத் தடவை நீ தொடாண்டாம்."

சனிக்கிழமை மாலை சரசம்மா போதகர் விஜினைப் பார்க்கப் போனார். முப்பத்திமூன்று வயது. சபைக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. சரசம்மா நடந்ததை முழுவதும் சொன்னார். இந்த ஆண்டு கார்டு வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்று கேட்டார்.

போதகர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "அம்மா, அது வெறும் வழக்கம். வசனம் ஒரு ஆறுதல். யாரும் அதை வச்சு வாழ்க்கையில ஒரு முடிவு எடுக்கமாட்டாங்க."

"எனக்க வீட்டில எடுத்தாச்சு."

"புரியுது. ஆனா நான் கார்டை நிறுத்தினா கமிட்டி என்னை நிறுத்தும்."

சரசம்மா எழுந்தார். வெளியே வந்து, பக்கத்து வீட்டு ஜினியைக் கூப்பிட்டுத் தாள்களையும் கத்திரியையும் நூல் கண்டையும் கொடுத்தார். இந்தத் தடவை நீ வெட்டு, எனக்குக் கண் சரியில்லை என்றார். அதுவும் பொய்தான். வீட்டுக்கு வந்து, கொடுத்துவிட்டேன் என்று கணவனிடம் சொன்னார். சத்தியதாஸ் தலையை ஆட்டினார்.

ஆண்டின் கடைசி ஞாயிறு குடும்பங்கள் எழுந்து சாட்சி சொல்லும் நாள். கடந்த ஆண்டில் பெற்ற நன்மைகளைச் சொல்லி நன்றி கூறுவது முறை. பெரும்பாலும் வேலை கிடைத்தது, விசா கிடைத்தது, விபத்தில் தப்பியது. கெட்டதைச் சொன்னாலும் கடைசியில் அது நல்லதாக மாறியிருக்க வேண்டும். மாறாதவர்கள் அந்த ஞாயிறு வேறு ஏதாவது காரணம் சொல்லி வருவதில்லை.

தராசிலிருந்து இறங்கி, தொளதொளத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, சத்தியதாஸ் வந்தார். அவர் முறை வந்ததும் முன் பெஞ்சைப் பிடித்து எழுந்தார். எதிர்ப்பக்கம் பெண்கள் வரிசையில் சரசம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கணவன் என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்கும் தெரியாது.

"எனக்குக் குலைக்கு வெலை பேசத்தான் தெரியும். இந்த வருஷம் என்ன வந்து, என்ன போச்சுண்ணு மட்டும் சொல்லுதேன். மே மாசம் பேத்தி வந்தா. ஓணத்துக்கு யாவாரம் நல்லா இருந்து. செப்டம்பர்ல வயித்தைக் கீறினாங்க. இப்ப எனக்கு வெளிக்குப் போறது இந்தப் பைக்குள்ள ஆக்கும்."

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. கோயிலுக்குள் அதுவரை யாரும் அந்தப் பையைப் பற்றிப் பேசியதில்லை.

"ஜனவரி ஒண்ணாம் தேதி எனக்கு ஒரு கார்டு வந்து. அதை நம்பி ஆபரேஷனை விட்டேன். அது தானா வந்த கார்டு இல்ல. ஒரு ஆளு எனக்குன்னு எடுத்து வச்சதாக்கும். பின்னத்தான் தெரிஞ்சுது. ஆனா எட்டு மாசம் நான் பயமில்லாம இருந்தேன். கல்யாணம் கழிஞ்ச பொறவு அப்படி ஒரு எட்டு மாசம் எனக்குக் கெடைச்சதில்ல. நல்லா தின்னேன், நல்லா உறங்கினேன். அதுக்கு ஸ்தோத்திரம். அதே எட்டு மாசத்துல தீனம் ஈரலுக்கு ஏறிப் போச்சு. அதுக்கு ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு வரல்ல. ஒண்ணை வச்சு மற்றதைக் கழிக்கப் பாத்தேன். கழியல்ல. ரெண்டும் அப்படியே இருக்கு. அவ்வளவுதான்."

உட்கார்ந்தார். எந்த இடத்தில் ஆமென் சொல்வது என்று போதகருக்குத் தெரியவில்லை. அதற்குள் சரசம்மா எழுந்தார்.

"அந்த ஆளு நானாக்கும்," என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் வெளியே மாமரத்தடியில் யாரும் சத்தியதாஸிடம் நலம் கேட்கவில்லை. கூட்டம் சரசம்மாவைச் சுற்றித்தான். திட்ட வந்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்களுக்கு வேறு கவலை. ஜினிக்கு ஐந்தாம் மாதம். ஜனவரியில் அவளுக்கு வந்தது பிள்ளை வரம் பற்றிய வசனம்.

"மாமி, எனக்குள்ளதும் நீங்க வச்சதா?"

"இல்ல மக்களே. உனக்கு வந்தது வந்ததுதான்."

"உள்ளதைச் சொல்லுங்க."

"உனக்க வரிசைக்குத் தட்டு பிடிச்சது நான் இல்ல. உனக்க மாமியாரு."

ஜினி யோசித்தாள். அவள் முகம் மாறியது. "அப்ப அவங்க வச்சிருப்பாங்களா?"

சற்றுத் தள்ளி நின்ற மாமியார் திடீரென்று குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

கமிட்டிச் செயலாளர் ஷாஜி வந்து, சரசம்மா அக்கா இனிமேல் தட்டு ஏந்த வேண்டாம், மாதர் சங்கப் பொறுப்பிலும் இருக்க வேண்டாம் என்று பொதுவாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சரசம்மா சரி என்றார். இருபது ஆண்டுப் பொறுப்பு அது. வீட்டுக்கு வந்து கணவனுக்குப் பை மாற்றிவிட்டுக் கஞ்சி வைத்தார்.

வியாழக்கிழமை, ஜனவரி முதல் தேதி. லிபி முந்தின நாளே குழந்தையோடு வந்திருந்தாள். அவள்தான் காரோட்டினாள். ஆராதனை முடிந்து தட்டு வந்தது; ஏந்தியது வேறொரு பெண். சத்தியதாஸ் கண்ணை இறுக மூடி, தட்டில் கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். சரசம்மா தட்டு வந்தபோது கையை நீட்டவில்லை.

கோயில் வளாகத்திலிருந்து வெளியே போகும் வண்டிகள் ஒன்றையொன்று மறித்து நின்றன. லிபி காரை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். முன்சீட்டில் சத்தியதாஸ் நூலைப் பல்லால் கடித்துச் சுருளைப் பிரித்தார். படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"எனக்க எல்லையெல்லாம் சமாதானமா இருக்குமாம். உசந்த கோதம்பும் கெடைக்குமாம்," என்றார். "நமக்கு எல்லைன்னா களியக்காவிளை செக்போஸ்ட்டு. அங்க எப்பவும் அடிபிடிதான்."

அவர் தாளை மடியில் வைத்து விரலால் நீவினார். "தீனத்தைப் பத்தி ஒண்ணும் இல்ல. போணும்னும் இல்ல, போவாண்டாம்னும் இல்ல."

"அப்பா, ஸ்கேன் சொல்லியாச்சு, டாக்டர் சொல்லியாச்சு. நாளைக்குள்ள..."

"உன்கிட்டக் கேக்கல்ல மக்களே." சத்தியதாஸ் மெதுவாக உடம்பைத் திருப்பிப் பின்சீட்டைப் பார்த்தார். சரசம்மாவின் மடியில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. "எடீ, நீ சொல்லு. போன வருஷம் கார்டுட்டச் சொல்லிவிட்டதை இப்ப வாயால சொல்லு."

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. லிபி கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள்.

"போங்க," என்றார் சரசம்மா. "ஆபரேஷன் செய்யுங்க. பாதிக்கும் கீழேன்னு அவங்க சொன்னாங்க. போகாட்டி அந்தக் கீழயும் இல்ல. எனக்குப் பயமாத்தான் இருக்கு, போன வருஷமும் பயமாத்தான் இருந்து. மேசையில வச்சே நீங்க போயிட்டா, சரசம்மா சொல்லித்தான் போனாருன்னு ஊரு சொல்லும். உங்க மகளும் சொல்லுவா. சொல்லட்டும்."

"இதைப் போன வருஷமே சொல்லியிருந்தா?" என்றார் சத்தியதாஸ்.

"கேட்டிருப்பியளா?"

அவர் யோசித்தார். முன்னால் இருந்த வேன் நகர்ந்தது. லிபி சாவியைத் திருப்பினாள்.

"இல்ல," என்றார். "அப்பவும் டயரு மாத்தணும்னுதான் சொல்லியிருப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் ஷைலஜாவுக்குப் போன் போட்டது சத்தியதாஸ்தான். பேசி முடித்ததும் பிக்கப் வண்டியின் சாவியைப் பழக்கமான ஒரு வியாபாரியிடம் கொடுத்து அனுப்பினார். அமரவிளைத் தோட்டத்தில் வெட்டுக்கு நிற்கிற குலைகளை இனி அவர் பார்த்துக்கொள்வார்.

பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அட்மிஷன். வார்டில் கூட ஒருவர்தான் தங்கலாம், சரசம்மா தங்குகிறார். ஆபரேஷன் பதினான்காம் தேதி, அன்றைய முதல் கேஸ்.